ஓடுபாதையும் வடிகஞ்சியும்

போருக்காக வங்காளத்தில் விமான தளங்கள் முளைத்தன. அதே நேரத்தில், அதே சாலைகளில், பசித்த கூட்டம் கல்கத்தாவை நோக்கி நடந்தது. பெஹாலாவின் சாலை இரண்டுக்கும் சாட்சி.

தென்மேற்குக் கொல்கத்தாவில், பெஹாலாவின் மாடி வீடுகளும் குளங்களும் சந்துகளும் நெருக்கியடிக்கும் இடத்தில் திடீரென்று ஒரு வெட்டவெளி வருகிறது. அக்கம்பக்கத்தாருக்கு அது ‘ஃப்ளையிங் கிளப்’. ஓடுபாதையின் நீளம் சுமார் ஒரு கிலோமீட்டர். சின்னஞ்சிறு பயிற்சி விமானங்களுக்கு அது போதும். பெரிய ஜெட் விமானங்களுக்குப் போதாது. 2010-களில் மேற்கு வங்க அரசு ஹெலிகாப்டர் சேவை நடத்தியபோது இந்த இடத்தின் பெயர் செய்திகளில் அடிபட்டது. மற்றபடி, நகரவாசிகளைப் பொறுத்தவரை விமான நிலையம் என்றால் அது ஊரின் மறுகோடியில் இருக்கும் டம்டம்தான்.

பெஹாலாவை ஊடுருவிச் செல்கிறது டயமண்ட் ஹார்பர் சாலை. அதில் வடக்கே போனால் அலிப்பூர், கிதிர்பூர் துறைமுகம், அதற்கப்பால் மைதானம். தெற்கே போனால் நெல் வயல்களும் ஆற்று முகத்துவாரங்களும் நிறைந்த 24 பர்கானா கிராமங்கள். 1942-லும் 1943-லும் இந்தச் சாலையின் இரு முனைகளிலும் இரண்டு கதைகள் நடந்தன. வடமுனையில் போர் விமானங்கள் இறங்கின. தென்முனையிலிருந்து பசித்தவர்கள் வந்தார்கள். இரண்டுக்கும் நடுவே இருந்த முடிச்சைப் பொருளாதார அறிஞர்கள் அவிழ்த்துக் காட்ட ஏறக்குறைய 40 ஆண்டுகள் பிடித்தன.

முதல் கதை ரங்கூனில் தொடங்குகிறது. 1942 மார்ச் 8 அன்று அந்த நகரம் ஜப்பானியர் வசமானது. அதுவரை போரின் பின்கட்டாக இருந்த வங்காளம், ஒரே மாதத்தில் அதன் வாசலாகிவிட்டது. பிரிட்டிஷ் இந்தியாவின் பாதுகாப்பு ஏற்பாடுகள் எல்லாம் அதுவரை வடமேற்கு எல்லையைப் பார்த்தே அமைந்திருந்தன. ஆபத்து கைபர் கணவாய் வழியாக வரும் என்றுதான் நூறாண்டுகளாக எதிர்பார்த்தார்கள். அது சிட்டகாங் பக்கமாக வந்து நின்றபோது, கிழக்கே விமானங்களை இறக்கப் போதுமான தளங்கள் இல்லை. அவசர அவசரமாக நாடு முழுவதும் 200-க்கும் மேற்பட்ட விமான தளங்களைக் கட்டுவது என்று அரசு முடிவெடுத்தது.

தளங்கள் தயாராகும்வரை ஜப்பானியர் காத்திருக்கப் போவதில்லை. எனவே கல்கத்தாவின் நடுவிலேயே ஓர் ஓடுபாதை கண்டுபிடிக்கப்பட்டது. மைதானத்தின் குறுக்கே நேர்க்கோடாக ஓடும் ரெட் ரோடுதான் அது. இருபுறமும் கட்டடங்கள் இல்லாத அகலமான சாலை. ஹரிக்கேன் சண்டை விமானங்கள் அதிலிருந்தே எழும்பின. பெஹாலாவை ஒட்டிய அலிப்பூரும் ஹரிக்கேன்களின் தளமானது. 1942 டிசம்பர் 20 அன்று இரவு முதல் முறையாகக் கல்கத்தா மீது குண்டுகள் விழுந்தன. லட்சக்கணக்கானோர் ஊரைக் காலி செய்துகொண்டு ஓடினர். 1943 டிசம்பர் 5 அன்று பட்டப்பகலில் கிதிர்பூர் துறைமுகம் தாக்கப்பட்டது. செத்தவர்களில் பெரும்பாலோர் கப்பலில் மூட்டை ஏற்றி இறக்கிய கூலிகள்.

கல்கத்தாவைக் காக்க வேண்டிய விமானங்கள் வெகுதொலைவிலிருந்து வர வேண்டியிருந்தது. அந்த வான்வழியின் ஒரு கண்ணி அரேபியாவின் கரையோரம் இருந்தது. போருக்கு முன்பே இம்பீரியல் ஏர்வேஸ் லண்டனிலிருந்து கராச்சிக்கு விமானம் விட்டது. பாரசீக அரசோடு ஒத்துப்போகாததால் 1932-ல் அது வளைகுடாவின் அரபுக் கரைக்கு மாறியது. ஷார்ஜாவில் பயணிகள் இரவு தங்கக் கோட்டை போன்ற விடுதி எழுந்தது. 1933 ஜூலையில் அந்தச் சேவை கராச்சியிலிருந்து கல்கத்தாவின் டம்டம் வரை நீண்டது. அதற்கு முந்தைய ஆண்டு அக்டோபரில்தான் டாடா நிறுவனம் கராச்சியிலிருந்து பம்பாய் வழியாகச் சென்னைக்கு விமானத் தபாலைக் கொண்டுவந்திருந்தது.

போர் மூண்டதும் இன்னொரு வழியும் தேவைப்பட்டது. மத்தியதரைக் கடல் ஆபத்தாகிவிட்டது. எனவே அமெரிக்காவிலிருந்து புறப்பட்ட விமானங்கள் பிரேசில், மேற்கு ஆப்பிரிக்கா, கார்ட்டூம் வழியாக ஏடனுக்கு வந்தன. ஏடனிலிருந்து கராச்சி வரை 2,500 கி.மீ.க்கு மேல் தென் அரேபியக் கரை. சாலை கிடையாது. சொல்லிக்கொள்ளும்படியான துறைமுகம் கிடையாது. அந்தக் கரையில் முக்கல்லா அருகே ரியான், அடுத்து சலாலா, அதற்கடுத்து ஓமானை ஒட்டிய மசீரா தீவு என்று ஏறத்தாழ 500 முதல் 650 கி.மீ. இடைவெளியில் தளங்கள் அமைந்தன. ஒவ்வொன்றும் ஒரு விமானம் ஒரே மூச்சில் பறந்து, எரிபொருள் நிரப்பிக்கொண்டு, அடுத்ததற்குத் தாவக்கூடிய தூரம்.

அங்கே கட்டுமானம் என்பதற்குப் பெரும்பாலும் ஒரே பொருள்தான்: கல் பொறுக்கி, மேடு தட்டி, தரையைச் சமப்படுத்துவது. அந்த வேலைக்கு உள்ளூர் ஆட்களின் கைகள்தான் இயந்திரம். பெட்ரோலைக் கடல் வழியாகவே கொண்டுவர வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும்போது சலாலாவின் கரையில் படகு ஒதுங்க முடியாது. நான்கு மாதங்களுக்குத் தேவையான எரிபொருளைக் காற்று திரும்புவதற்குள் இறக்கிவைக்க வேண்டும். நம் ஊரில் குற்றாலத்துக்குச் சாரல் கொண்டுவரும் அதே காற்று, அங்கே விமானத்தின் வயிற்றில் அடித்தது.

வங்காளத்தில் தரைதான் பிரச்சினை. ஆற்று வண்டல் மண்ணில் கருங்கல் கிடைக்காது. செங்கல்லைச் சுட்டு, அதை உடைத்து, அந்தச் சல்லியைப் பரப்பி அடித்தளம் போட வேண்டும். புல்டோசர்கள் இருந்தன, ஆனால் போதவில்லை. அந்தக் குறையை ஆயிரக்கணக்கான ஆண்களும் பெண்களும் தலையில் சுமந்த கூடைகள் ஈடுகட்டின. உடைத்த செங்கல்லும் மண்ணும் கூடை கூடையாகப் போய் விழுந்தன. பின்னர் பர்மாவின் சேற்றில் தளம் போட வேண்டியிருந்தபோது, தார் தோய்த்த சணல் துணியையே தரையில் விரித்து அதன்மேல் விமானங்களை இறக்கினர். துளையிட்ட எஃகுத் தகடுகள் வந்துசேரக் கப்பலுக்குக் காத்திருக்க வேண்டும். சணலோ ஹூக்ளிக் கரையின் ஆலைகளிலேயே கிடைத்தது.

இவற்றில் மிகப் பெரிய தளங்கள் கல்கத்தாவுக்கு மேற்கே, கரக்பூரைச் சுற்றி எழுந்தன. அமெரிக்காவின் பி-29 சூப்பர்ஃபோர்ட்ரஸ் குண்டுவீச்சு விமானத்தின் எடை சுமார் 60 டன். அதற்கு 2 கி.மீ.க்கு மேல் நீளமான, கனமான கான்கிரீட் ஓடுபாதை வேண்டும். கலைக்குண்டா, துத்குண்டி, பியார்தோபா, இன்று ஜார்க்கண்டில் இருக்கும் சாக்குலியா ஆகிய இடங்களில் அவை அமைந்தன. 1944 ஏப்ரலில் முதல் பி-29 சாக்குலியாவில் இறங்கியது. ஜூன் 5 அன்று 98 விமானங்கள் பாங்காக்கைத் தாக்கப் புறப்பட்டன. அந்தப் படைப்பிரிவின் தலைமையகம் ஹிஜ்லி தடுப்புக்காவல் முகாமில் இருந்தது. வங்காளத்துப் புரட்சிக்காரர்களை அடைத்துவைத்திருந்த அதே கட்டடம். பின்னாளில் அங்கேதான் நாட்டின் முதல் ஐ.ஐ.டி. பிறந்தது.

பொறியியல் கணக்கில் இது ஒரு சாதனை. சந்தேகமில்லை. ஆனால் இதற்கு இன்னொரு கணக்கும் உண்டு.

விமான தளம் காற்றில் எழும்புவதில்லை. அதற்குத் தட்டையான, நீர் தேங்காத, ரயில் பாதைக்கு அருகிலான நிலம் வேண்டும். வங்காளத்தில் அப்படிப்பட்ட நிலம் என்றால் அதில் நெல் விளைந்துகொண்டிருக்கும் அல்லது கிராமம் இருக்கும். ராணுவத் தேவைகளுக்காகச் சுமார் 30,000 குடும்பங்கள் வீட்டையும் நிலத்தையும் விட்டு வெளியேற்றப்பட்டன. பஞ்சத்தை விசாரிக்க 1944-ல் அரசே அமைத்த உட்ஹெட் கமிஷன் இதைப் பதிவு செய்தது. இழப்பீடு கொடுக்கப்பட்டது என்றும், ஆனாலும் அந்தக் குடும்பங்களில் பலர் 1943-ல் பஞ்சத்துக்குப் பலியானார்கள் என்பதில் ஐயமில்லை என்றும் அது ஒப்புக்கொண்டது. கைக்கு வந்த ரொக்கத்தின் மதிப்பு சில மாதங்களில் கரைந்துவிட்டது. நிலம் இருந்திருந்தால் நெல்லாவது மிஞ்சியிருக்கும்.

கூடவே ‘மறுப்புக் கொள்கை’ வந்தது. ஜப்பானியர் கையில் சிக்கிவிடக் கூடாது என்று கடலோர மாவட்டங்களில் பத்துப் பேருக்கு மேல் ஏற்றக்கூடிய படகுகளை அரசு பறிமுதல் செய்தது அல்லது அழித்தது. ஆறும் கால்வாயுமே சாலையாக இருந்த நாட்டில் அது நெல்லின் காலை ஒடித்த செயல். 1942 அக்டோபர் 16 அன்று மிதுனாப்பூரிலும் 24 பர்கானாவிலும் புயல் அடித்து, 14,000-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். பர்மா அரிசி ஏற்கெனவே நின்றுபோயிருந்தது.

இத்தனைக்கும் நடுவே பணம் மட்டும் பெருகிக்கொண்டே இருந்தது. 1939-ல் செய்துகொண்ட ஏற்பாட்டின்படி, இந்தியாவின் சொந்தப் பாதுகாப்புக்கு மேற்பட்ட போர்ச் செலவை பிரிட்டன் ஏற்கும். ஆனால் பணம் லண்டனில் பவுண்டுக் கணக்கில் வரவு வைக்கப்படும். அதைக் காட்டி இங்கே ரூபாய் நோட்டு அச்சிடப்படும். ஒப்பந்தக்காரருக்கும் செங்கல் சூளைக்காரருக்கும் கூலிகளுக்கும் அந்த நோட்டுதான் போனது. போர் முடிவதற்குள் நாட்டில் புழங்கிய நோட்டுகளின் மதிப்பு ஆறு மடங்குக்கு மேல் ஏறியது. நோட்டு பெருகியது, அரிசி பெருகவில்லை.

விளைவு கல்கத்தாவின் மொத்த வியாபாரச் சந்தையில் தெரிந்தது. 1942 டிசம்பரில் மணங்கு அரிசி 13-14 ரூபாய். 1943 மார்ச்சில் 21 ரூபாய். மே மாதம் 30 ரூபாயைத் தாண்டியது. 1981-ல் வெளிவந்த ‘வறுமையும் பஞ்சங்களும்’ என்ற ஆங்கில நூலில் அமர்த்தியா சென் வைத்த வாதம் இதைச் சுற்றியே சுழல்கிறது. அரிசி அடியோடு இல்லாமல் போனதால் மட்டும் மக்கள் சாகவில்லை. போர்ச் செலவு நகரத்தில் கொட்டிய பணம் அரிசியைக் கிராமத்துக் கூலிக்கு எட்டாத உயரத்துக்குத் தூக்கிவிட்டது என்கிறார் அவர். அவர் இதை ஒரு ‘செழிப்புக் காலப் பஞ்சம்’ என்றே வர்ணிக்கிறார். இந்த முடிவை மறுத்து, விளைச்சல் குறைவே முக்கியக் காரணம் என்று வாதிடும் ஆய்வாளர்களும் உண்டு. ஆனால் போர்க்காலப் பணவீக்கம் கிராமத்தைக் கடித்தது என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

யாரைக் கடித்தது என்பதுதான் கேள்வி. கல்கத்தாவின் தொழிற்சாலை, துறைமுகம், ரயில்வே ஊழியர்களுக்கு மலிவு விலையில் தானியம் கிடைக்க அரசும் முதலாளிகளும் ஏற்பாடு செய்தனர். போருக்கு அவர்கள் தேவை. விவசாயக் கூலி, மீனவர், படகோட்டி, நாவிதர் இவர்களுக்கு அப்படி யாரும் இல்லை. ஓடுபாதையில் கூடை சுமந்தவருக்கு அன்றாடம் காசு கிடைத்தது. அவரை அனுப்பிய கிராமத்தில் மிஞ்சியிருந்தவர்களுக்கு, அந்தக் காசு ஏற்றிவிட்ட விலை மட்டுமே கிடைத்தது. ஒரு கையால் கூலி; மறு கையால் பட்டினி.

1943 கோடையில் அவர்கள் நடக்கத் தொடங்கினர். கல்கத்தாவின் நடைபாதைகளில் வந்து விழுந்தவர்களில் 24 பர்கானாக்காரர்கள் ஏராளம். டயமண்ட் ஹார்பர் பக்கத்திலிருந்து நகரத்துக்குள் நுழையும் சாலை பெஹாலா வழியாகத்தான் வருகிறது. அவர்கள் சோறு கேட்கவில்லை. வீட்டு வாசல்களில் நின்று ‘ஃபேன் தாவோ’ என்றார்கள். சோறு வடித்த கஞ்சியைக் கொடு என்று பொருள். மாடு குடிக்கும் அந்தத் தண்ணீருக்கு மனிதர்கள் தகரக்குவளையோடு காத்திருந்தார்கள். ஓவியர்கள் ஜைனுல் ஆபேதினும் சித்தபிரசாதும் அந்தக் காட்சிகளை மையால் வரைந்தார்கள். சித்தபிரசாதின் புத்தகத்தை அரசு பறிமுதல் செய்து எரித்தது. 1943 அக்டோபரில் வைசிராயாகப் பொறுப்பேற்ற வேவல் கல்கத்தாவுக்கு வந்து பார்த்து, ராணுவ லாரிகளில் தானியத்தை உள்ளூர்களுக்கு அனுப்ப உத்தரவிட்டார். அதற்குள் மிகவும் தாமதமாகிவிட்டது. பஞ்சத்திலும் அதையொட்டி வந்த மலேரியா, காலரா நோய்களிலும் 20 முதல் 30 லட்சம் பேர் இறந்தனர்.

இதே காலத்தில், அதே வான்வழியின் மேற்கு முனையில் இன்னொரு பஞ்சம் நடந்தது. வங்காளத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய சம்பவம் அது. ரியான் விமான தளத்துக்குப் பின்னால் மலைகளைத் தாண்டினால் ஹத்ரமவுத் பள்ளத்தாக்கு. அங்கிருந்து ஆண்கள் ஜாவாவுக்கும் சிங்கப்பூருக்கும் பிழைக்கப் போய்ப் பணம் அனுப்புவார்கள். ஹைதராபாத் நிஜாமின் படையில் சேர்ந்தவர்களும் உண்டு. 1942-ல் சிங்கப்பூரும் ஜாவாவும் ஜப்பானியரிடம் விழுந்ததும் பணம் நின்றது. மழையும் பொய்த்தது. 1943-44-ல் ஆயிரக்கணக்கானோர் பட்டினியால் மாண்டனர்.

செட்டிநாட்டுக்காரர்களுக்கும் தஞ்சை, ராமநாதபுரம் மாவட்டத்துக் குடும்பங்களுக்கும் இந்தக் கதை அந்நியமல்ல. பர்மாவிலிருந்தும் மலாயாவிலிருந்தும் வந்துகொண்டிருந்த பணம் அதே மாதங்களில்தான் நின்றது. தபால்காரரை எதிர்பார்த்து வாசலில் உட்கார்ந்திருந்த தாய்மார்கள் காரைக்குடியிலும் இருந்தார்கள், ஹத்ரமவுத்திலும் இருந்தார்கள்.

ஆனால் ஹத்ரமவுத்தில் 1944-ல் ஒன்று நடந்தது. போருக்காக அமைக்கப்பட்ட ரியான் தளத்திலிருந்து பிரிட்டிஷ் ராணுவ விமானங்கள் தானிய மூட்டைகளை ஏற்றிக்கொண்டு மலைகளுக்கு அப்பால் இறக்கின. எத்தனையோ பேர் இறந்த பிறகுதான் அவை வந்தன. என்றாலும் வந்தன. வங்காளத்துக்கு விமானம்கூடத் தேவைப்பட்டிருக்காது. பறித்த படகுகளும், செங்கல்லும் குண்டும் சுமந்த ரயில் பெட்டிகளில் ஒரு பங்கும் உரிய காலத்தில் திரும்பக் கிடைத்திருந்தால் போதும். ஒரு தளம் எதற்குக் கட்டப்பட்டது என்பதைவிட, நெருக்கடியில் அதை யாருக்காகப் பயன்படுத்தத் துணிகிறார்கள் என்பதே உயிர்களைத் தீர்மானித்தது.

1945-ல் போர் முடிந்தது. ஓடுபாதைகள் மிஞ்சின. கலைக்குண்டா இந்திய விமானப்படையின் முக்கியத் தளமாகி, 1965 செப்டம்பரில் பாகிஸ்தான் விமானங்களின் தாக்குதலுக்கும் ஆளானது. சலாலாவிலும் மசீராவிலும் பிரிட்டிஷ் விமானப்படை 1977 வரை இருந்தது. சலாலா பின்னர் சர்வதேச விமான நிலையமாக வளர்ந்தது. 1980 ஏப்ரலில் டெஹ்ரான் பிணைக்கைதிகளை மீட்கப் போய்த் தோற்ற அமெரிக்க விமானங்கள் மசீராவிலிருந்துதான் புறப்பட்டன. கல்கத்தாவின் ரெட் ரோட்டில் குடியரசு தின அணிவகுப்பும் ரம்ஜான் தொழுகையும் நடக்கின்றன.

தமிழ்நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. சூலூர் விமானப்படைத் தளமாக நிலைத்தது. சோழவரத்தின் ஓடுபாதையில் விமானங்கள் நின்றுபோன பிறகு பல ஆண்டுகள் கார், மோட்டார் சைக்கிள் பந்தயங்கள் நடந்தன. கயத்தாறு, உளுந்தூர்பேட்டை, செட்டிநாடு தளங்கள் புல் மண்டிப் போயின. உடான் திட்டம் வந்த பிறகு வேலூர், நெய்வேலி போன்ற பழைய ஓடுபாதைகளைத் தூசி தட்டும் பேச்சு எழுந்தது. பழைய ஓடுபாதைக்கு ஒரு சௌகரியம் உண்டு: நிலத்தை மறுபடி யாரிடமும் பிடுங்க வேண்டியதில்லை. புதிதாக ஒன்று கட்டுவது எவ்வளவு வலி என்பதை, 2022-ல் பரந்தூர் விமான நிலையம் அறிவிக்கப்பட்டதும் போராட்டத்தில் இறங்கிய ஏகனாபுரம் மக்கள் காட்டினார்கள். இழப்பீடு எவ்வளவு என்று அரசு பேசியது. ஏரியும் வயலும் போனால் அப்புறம் என்ன என்று ஊர் கேட்டது. ரொக்கத்தை வாங்கிக்கொண்டு வெளியேறிய அந்த 30,000 குடும்பங்களின் கதையைத் தெரிந்தவர்கள் இந்தக் கேள்வியைச் சுலபமாக ஒதுக்கிவிட முடியாது.

நிலம் கைமாறிய கதை பெஹாலாவுக்குப் புதிதல்ல. இங்கே பரிஷாவில் இருந்த சாவர்ண ராய் சவுத்ரி குடும்பம்தான் 1698 நவம்பரில் சுதானுட்டி, கோவிந்தப்பூர், கலிகாதா என்ற மூன்று கிராமங்களின் உரிமையை 1,300 ரூபாய்க்குக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் ஒப்படைத்தது. அந்த மூன்று கிராமங்கள்தான் கல்கத்தாவாகின. நகரத்தின் முதல் பத்திரத்தின் சாட்சியும் இந்தப் பேட்டைதான்.

போரில் இறந்த விமானிகளுக்குக் கொல்கத்தாவின் பவானிப்பூர் கல்லறைத் தோட்டத்தில் பெயர் பொறித்த கற்கள் இருக்கின்றன. அது நியாயம். அவர்கள் இறங்குவதற்காகச் செங்கல் உடைத்தவர்களுக்கும், வயலை விட்டுக்கொடுத்தவர்களுக்கும் அங்கே இடமில்லை. டயமண்ட் ஹார்பர் சாலைக்கு மேலே 2022 டிசம்பரிலிருந்து மெட்ரோ ரயில் போகிறது. கீழே சாலை மாறவில்லை. தெற்கே வயல். வடக்கே நகரம். நடுவே பெஹாலா.